அளவு ஜாக்கெட்டு

“இது ஜாக்கெட்டாமே? மாட்டு வண்டிக்குப் போடுற கூண்டு! இதுக்குள்ள நானும் பூந்துக்கலாம், எங்க நாத்தனாளும் பூந்துக்கலாம், மீதி எடத்துல ஊட்டு ஆடு குட்டி போட்டுக்கலாம்!”

அங்காளம்மாள் போட்ட சத்தத்தில், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் கூடூர் பாசஞ்சருக்குக் காத்திருந்தவர்கள்கூடத் தலையைத் திருப்பியிருப்பார்கள். அவள் புருஷன் ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த வீட்டில் எல்லாருக்குமே தொண்டை அப்படி ஆகிப்போனது.

“மெதுவாப் பேசுக்கா,” என்றாள் ஆரோக்கியமேரி, மிஷினை விட்டு எழுந்திருக்காமலே. “உன் ஒடம்புல நானே டேப்பு வெச்சு எடுத்த அளவு. நோட்டுல எழுதிக் கீது. என் கை தப்பும், டேப்பு தப்பாது.”

“அப்ப நான்தான் தப்பாப் பொறந்துட்டேனா? பாருமே! கண்ணத் தொறந்து பாரு!”

அங்காளம்மாள் கையைத் தூக்கினாள். ஈர்க்குச்சிக்குச் சட்டை போட்டதுபோல இருந்தது. அந்தக் கைக்குள் இன்னும் இரண்டு கை விடலாம். வலது தோள் சரிந்து விழுந்தது. வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டு, சிரிக்காத மாதிரி ஸ்டேஷன் பக்கம் பார்த்தார்கள்.

ஆரோக்கியமேரிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அதற்கான காரணங்களாகத் தெருவில் மூன்று விதம் சொல்வார்கள், மூன்றிலும் அவளுடைய கர்வம் வரும். கன்னியாஸ்திரீகளிடம் தையல் படித்தவள் என்பது ஒரு கர்வம். கழுத்தில் மாலை மாதிரி தொங்கும் அந்த மஞ்சள் டேப்பு இன்னொரு கர்வம். இரண்டு முனையிலும் பித்தளைத் தகடு. மற்றவர்கள் டேப்பு நாள்பட இழுத்து இழுத்து நீண்டுவிடும், இது பன்னிரண்டு வருஷமாக ஒரு நூல் நீளவில்லை என்று, கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

கடைத்தெரு டெய்லர் தணிகாசலம் ஆம்பளை. பெண்களைத் தொட்டு அளவெடுக்க முடியாது. அதனால் ஊர்ப் பெண்கள் அவனிடம் பழைய ஜாக்கெட்டு ஒன்றை அளவுக்குக் கொடுப்பார்கள், அவன் அதை வைத்துப் புதுசை வெட்டுவான். பழசின் கோணலெல்லாம் புதுசுக்கும் வந்து சேரும். அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினால் ஆரோக்கியமேரிக்கு மூக்கு சுளிக்கும். “அது உரிச்ச தோலு. தோலை வெச்சு ஆளுக்குத் தெப்பாங்களா?” என்பாள். ஆளை நிறுத்தி, டேப்பை வைத்து, எண்ணை மட்டும் பார்ப்பாள். உடம்பைப் பார்க்காதே, கண் ஏமாற்றும், எண்ணைப் பார் என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்ததைப் பன்னிரண்டு வருஷமாக ஜெபம்போலக் கடைப்பிடித்ததில், எதிரே நிற்பது ஒல்லியா பருமனா என்றே அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

நோட்டைப் பிரித்தாள்.

அங்காளம்மாள். மார்பு நாற்பத்தொன்று. கைச் சுற்று பதினைந்து. வலது தோள் அரை இஞ்ச் இறக்கம்.

எழுதியது அவள் கைதான். அங்காளம்மாளை நனைத்து எடுத்தாலும் முப்பது தாண்டாது. முந்தின பக்கத்தைத் திருப்பினாள். தாயாரம்மாள், அடுத்த வீடு: நாற்பத்தொன்று, பதினைந்து, அரை இஞ்ச் இறக்கம். அதற்கு முந்தினது பள்ளிக்கூட டீச்சர். நாற்பத்தொன்று. ஏழு பேர். ஏழு பக்கத்திலும் ஒரே உடம்பு.

ஏழாவது பக்கத்தில் முத்தம்மா என்று இருந்தது.

நோட்டை மூடினாள். “குடுக்கா, பிடிச்சித் தரேன்,” என்றாள். இவ்வளவு பணிவாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

“ஒண்ணும் வாணாம். எங்க ஊட்லயும் ஊசி நூலு கீது,” என்று ஜாக்கெட்டைக் கழற்றாமலே அங்காளம்மாள் போய்விட்டாள்.

முத்தம்மா அவளுடைய ஒரே தங்கை. அப்பா அம்மா போனபிறகு ஆரோக்கியமேரி தூக்கி வளர்த்தது, இருபது வயது, வருகிற புதன்கிழமை கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை யேசுதாஸ் ஒரு கம்பெனியில் பிட்டர். கம்பெனிகளுக்கென்று ஊர்ப்புறத்து நிலங்களை அளந்து கல் நட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. பிட்டர் மாப்பிள்ளை என்றால் ஊரில் கலெக்டர் மாப்பிள்ளைக்கு அடுத்தபடி. பெண் பார்க்க வந்த அன்று அவனுடைய அம்மா, முத்தம்மாவின் இடது புஜத்தில் நாலணா அளவுக்கு இருந்த இரண்டு அம்மை குத்திய தழும்புகளைப் பார்த்து, “இன்னா, ரெண்டு முத்திரை குத்தி வெச்சிகிறாங்க?” என்று சிரித்தாள். முத்தம்மா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அதனால்தான் கல்யாண ஜாக்கெட்டுக்கு முழங்கை வரைக்கும் கை வைத்திருந்தாள் ஆரோக்கியமேரி. சந்தன நிற சாட்டின். தைத்து முடித்து, ஆணியில் மாட்டியிருந்தது.

கழுத்திலிருந்து டேப்பை எடுத்தாள். கழுத்து பட்ட இடம் ஜில்லென்றிருந்தது. சித்திரை வெயில் ஓட்டின்மேல் சுள்ளென்று விழுந்து, மிஷின் எண்ணெய்கூடக் காய்ந்து பிசினாகிக் கிடந்த அந்த மத்தியானத்தில், டேப்பு மட்டும் இப்போதுதான் துவைத்துப் பிழிந்ததுபோல் நசநசவென்று, விரலில் லேசான கோழைப் பிசுக்கு ஒட்ட, ஈரமாக இருந்தது. முகர்ந்தாள். உப்பங்கழிச் சேறு. இறால் தோல். அதற்கு அடியில் இன்னும் ஒன்று, இனிப்பாக, கனிந்து வெடித்த பழம்போல. டேப்பை மூக்கிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

சோப்புப் போட்டு மூன்று தடவை அலசியிருந்தாள். யாருக்கும் தெரியாமல்தான்.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் தச்சுவேலை தாவீது அதை இரவல் வாங்கிப் போயிருந்தான். பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு பெண்பிள்ளை ஒதுங்கிக் கிடந்தாள், எந்த ஊர், யார் என்று தெரியாது. கழுத்துக் கயிற்றில் செம்புச் சிலுவை இருந்ததால் கோயில்காரர்கள் அடக்கம் பண்ணட்டும் என்று விட்டுவிட்டார்கள். சவப்பெட்டி செய்யத் தாவீதைக் கூப்பிட்டால், அவனுடைய மடக்கு ஸ்கேல் அன்றைக்கென்று பார்த்து உடைந்திருந்தது. முத்தம்மாவுக்குக் கட்டில் செய்து தருவதாகச் சொல்லியிருந்தவன். எப்படி மறுப்பது? கொடுத்தாள். பிணத்தின்மேல் வைத்த டேப்பு என்று தெரிந்தால் எவள் வந்து நிற்பாள்? அதனால் சொல்லவில்லை. தூக்கிப் போட்டிருக்கலாம். நீளாத டேப்பாயிற்றே.

சாயந்திரம் தாவீதின் கொட்டகைக்குப் போனாள். இழைப்புளிச் சுருளுக்கு நடுவில் உட்கார்ந்து அவன் கட்டில் காலுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், சோப்பு. பேசும்போதே இரண்டு தடவை கையைக் கழுவிக்கொண்டான்.

“தாவீது அண்ணே, அன்னிக்கி டேப்பை வெச்சு எங்க எங்க அளந்தே?”

“ஏன் கேக்குற?”

“சொல்லுண்ணே.”

“ஒசரமும் தோள் அகலமும் போதும் எங்களுக்கு. ஆனா அது உப்பிக் கெடந்துச்சி மேரி. பொட்டிக்கு ஆழம் எவ்ளோ வெக்கறதுன்னு தெரில. அதான் மாரைச் சுத்தி வெச்சேன். கையைச் சுத்தி வெச்சேன்.”

“நாப்பத்தொண்ணா?”

உப்புத்தாள் நின்றது.

“கையி பதினஞ்சு. வலது தோளு எறங்கி இருந்துச்சா?”

“ஒனக்கு யாரு சொன்னது?” என்றான் தாவீது. வாளியைப் பார்த்துக்கொண்டு அவனே மேலே பேசினான். “அளவு சரியாத்தான் எடுத்தேன். நான் பொட்டியைக் கொண்டாறதுக்குள்ள அது இன்னும் ஊதிப்போச்சி. இன்னா வெயிலு அன்னிக்கி! மூடி உக்காரவே இல்ல. நானும் குழி வெட்டுற தேசப்பனும் மேல ஏறிக் குந்திக்கினு ஆணி அடிச்சோம். சந்துல தண்ணியா வந்துச்சி. பேஜாராப் பூட்ச்சி.” மறுபடி சோப்பை எடுத்தான். “ஒன் டேப்பை உருவும்போது தோலும் கூடவே வந்துச்சி. சாக்ஸு கழட்டற மாதிரி. கழுவித்தான் குடுத்தேன், சத்தியமா.”

வீட்டுக்கு வந்து டேப்பை மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் போட்டாள். எரியவில்லை. உஸ்ஸென்று நுரைத்து, வறுத்த இறால் வாசனை வீடெல்லாம் பரவியது. கத்தரியால் நாலு துண்டாக்கினாள். கத்தரி வாயில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது, பழைய சோற்றுக் கஞ்சிபோல. துண்டுகளைச் சாக்கடையில் எறிந்துவிட்டுக் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். சந்தன நிற ஜாக்கெட்டை ஆணியிலிருந்து விரல் நுனியால் எடுத்துத் தகரப் பெட்டியின் அடியில் திணித்தாள்.

முத்தம்மாவுக்குப் புதிதாக ஒன்று தைத்தால் போகிறது. டேப்பு இல்லாமல். முத்தம்மாவின் பழைய ஜாக்கெட்டை அளவுக்கு வைத்து. தான் கேலி பண்ணிய தணிகாசலத்தின் வழியிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு வெட்டினாள். ஜாக்கெட்டு முப்பத்திரண்டு. அதுதான் முத்தம்மா. புதன்கிழமை அவள் இதைப் போட்டுக்கொண்டு பீடத்தின் முன்னால் நின்றுவிட்டால், மற்ற ஆறு பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை அங்காளம்மாள் வந்தாள்.

சண்டைக்கு இல்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். “மேரி, தப்பா நெனச்சிக்காத. அன்னிக்கி கோவத்துல கத்திட்டேன். இப்பப் பாரு, எப்பிடி கீது!” என்று கையை விரித்துச் சுற்றிக் காட்டினாள்.

ஜாக்கெட்டு கச்சிதமாக இருந்தது. ஒரு சுருக்கமில்லை.

“பிடிச்சித் தெச்சிக்கினியாக்கா?”

“ஊசியே வெக்கல! தானாவே சரியாப் பூட்ச்சி. எங்க ஊட்டுக்காரு கூட, இன்னாடி தளதளன்னு ஆயிட்டேன்றாரு.” வெட்கப்பட்டாள். இரண்டு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மூன்றாவதும் கேட்டாள்.

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஆரோக்கியமேரி எதிரே நிற்கும் உடம்பைப் பார்த்தாள். கன்னம் வெளுத்து, மாவுபோல் மெத்தென்று தொங்கியது. சொம்பைப் பிடித்த விரல் நுனிகள், நாள் முழுக்கத் துணி துவைத்தவளுடையதைப் போல வெள்ளைவெளேரென்று ஊறிச் சுருங்கி இருந்தன. ஜாக்கெட்டுக் கையின் விளிம்பில் தையல் அழுத்திய பள்ளம். ஏதோ தூசியைத் தட்டுவதுபோல அங்காளம்மாளின் புஜத்தைத் தொட்டாள். விரல் உள்ளே போயிற்று. எடுத்தபிறகும் குழி அப்படியே நின்றது. நிரம்பவே இல்லை.

வலது தோள் அரை இஞ்ச் இறங்கியிருந்தது.

“இன்னும் ரெண்டு தெச்சிக் குடு,” என்றாள் அங்காளம்மாள். “இதே அளவு.”

ஞாயிற்றுக்கிழமை தாயாரம்மாள். திங்கட்கிழமை டீச்சர். எல்லாருக்கும் சரியாக இருந்தது. எல்லாரும் தண்ணீர் கேட்டார்கள். அந்தத் தெருப் பெண்களுக்கு என்ன யோகமோ, ஒரே வாரத்தில் சதை போட்டுவிட்டார்கள் என்று டீக்கடையில் ஆம்பளைகள் சிரித்துக்கொண்டார்கள். தெருவில் ஒரு வாடை என்பதையும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சாக்கடை என்றார்கள் சிலர், கருவாட்டு லாரி என்றார்கள் சிலர். மல்லிகைப்பூ வாங்கி வைத்துக்கொண்டார்கள். மல்லிகையோடு சேர்ந்து அது இன்னும் மோசமாக இருந்தது.

ஆரோக்கியமேரி சாப்பாட்டைத் தொடவில்லை. சோற்றைப் பிசைந்தால் விரலில் அந்தப் புஜம் தெரிந்தது. மிஷினை மிதித்தாள். கொக்கி வைத்தாள். பட்டி அடித்தாள். முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். முத்தம்மா சமையல்கட்டில் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உலாத்தினாள். இந்த வெயிலில் எதற்கடி போர்வை என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. தண்ணீர்ப் பானை சீக்கிரம் காலியாகிறது. கல்யாண வீடு, அப்படித்தான். முத்தம்மா படுத்த பாய் காலையில் ஈரம். புழுக்கம், அப்படித்தான். பார்க்காமல் இருப்பதில் அவளுக்குப் பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

புதன்கிழமை காலை. வாசலில் பந்தல். யேசுதாஸ் வீட்டார் கோயிலுக்கு வந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆரோக்கியமேரி அறைக் கதவைத் தாழிட்டாள். புது ஜாக்கெட்டை விரித்துப் பிடித்தாள்.

“கையை நீட்டுமே.”

முத்தம்மா போர்த்தியிருந்த தலைப்பை எடுத்தாள்.

ஆரோக்கியமேரி ஜாக்கெட்டை மட்டும் பார்த்தாள். கையை நுழைத்தாள். மணிக்கட்டு தாண்டியது. முழங்கைக்கு வரவில்லை. இழுத்தாள். துணி நின்றது. இன்னும் இழுத்தாள். துணிக்கு அடியில் ஏதோ வழுக்கி நகர்ந்தது. துணி நகரவில்லை.

விட்டுவிட்டாள்.

“அது டைட்டுக்கா,” என்றாள் முத்தம்மா, குழந்தைக்குச் சொல்வதுபோல. “நீ ஏன் வேற தெச்சே? அந்த சாட்டினையே குடு. அதான் எனக்கு சரியா கீது.”

“அத எப்படி... அது பெட்டிக்கு அடியில...”

“நீ கடைக்கு நூல் வாங்கப் போறப்பல்லாம் எடுத்துப் போட்டுப் பாத்தேன். தெனமும். கண்ணாடில அழகா இருந்துச்சிக்கா.” முத்தம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எந்தக் கல்யாணப் பெண்தான் போட்டுப் பார்க்கமாட்டாள்? “மொத நாளு தொளதொளன்னு இருந்துச்சி. அப்பறம் தானா சரியாயிடுச்சி. ஒன் டேப்பு தப்பாதுன்னு நீதான சொல்லுவே?”

வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். நேரமாகிறது, மேரி. நேரமாகிறது.

அப்போதாவது கதவைத் திறந்து சொல்லியிருக்கலாம். கல்யாணம் நின்றிருக்கும். பிட்டர் மாப்பிள்ளை போயிருப்பான். பிண டேப்பை வைத்து ஊரையே அளந்தவள் என்று அவள் பெயர் எளாவூர் வரைக்கும் நாறியிருக்கும். ஆரோக்கியமேரி பெட்டியைத் திறந்தாள். சாட்டின் ஈரமாக இருந்தது. அவளே மாட்டிவிட்டாள். கொக்கி ஒவ்வொன்றும் டக். டக். டக். ஒரு சுருக்கமில்லை. அவள் தைத்ததிலேயே இப்படி உட்கார்ந்தது எதுவுமில்லை.

கோயிலில் எல்லாரும் ஜாக்கெட்டைத்தான் பேசினார்கள். என்ன கைவேலை, ஊற்றி வைத்ததுபோல! மாமியார்க்காரி மருமகளின் முதுகைத் தடவிப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைத் தன் புடவையில் துடைத்துக்கொண்டாள். பீடத்தின் முன்னால் முத்தம்மா முழந்தாளிட்டு எழுந்த இடத்தில் இரண்டு ஈர வட்டங்கள் இருந்தன. வியர்வை என்றார்கள்.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். யேசுதாஸ் முத்தம்மாவைக் கூட்டிக்கொண்டு திருவள்ளூர் பக்கம் குடிபோனான். புது இடத்தில் கிணற்று வசதி நன்றாக இருக்கிறதாம், அவளுக்கு அதுதான் முக்கியமாகப் போயிற்று. அங்காளம்மாள் புருஷனுக்குக் கூடூருக்கு மாற்றல். தாயாரம்மாள் மகள் வீட்டுக்கு எளாவூருக்குப் போனாள். லாரிக்காரர்கள் அந்த வீட்டைத் தாண்டும்போது ஜன்னலை ஏற்றிக்கொள்கிறார்கள் என்று கேள்வி. டீச்சர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவள், போனவள்தான். தாவீது சவப்பெட்டி செய்வதை விட்டான். கைகழுவுவதை விடவில்லை.

ஆரோக்கியமேரி விஷயம்தான் வேடிக்கை. வருஷம் முடிவதற்குள் அவள் கல்யாணம் செய்துகொண்டாள், யாரை என்று நினைக்கிறீர்கள், கடைத்தெரு தணிகாசலத்தை! இரண்டு பேரும் பள்ளிப்பட்டுக்குப் போய்க் கடை போட்டார்கள். அங்கே டேப்பு கிடையாது. ஆளைத் தொட்டு அளவெடுப்பது கிடையாது. அளவு ஜாக்கெட்டு கொண்டுவந்தால்தான் துணியை வாங்குவாள். ஊரில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மறு வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள், உச்சி வெயிலில், பஸ் கண்டக்டர் ஒரு பார்சலைக் கொண்டுவந்து கடை வாசலில் வைத்தான். வைத்துவிட்டுக் காக்கிச் சட்டையில் கையைத் துடைத்தான். தினத்தாளில் சுற்றி, சணல் கட்டியது. தாள் ஊறிக் கரைந்து எழுத்தெல்லாம் மையாக வழிந்திருந்தது. உள்ளே சந்தன நிற சாட்டின், ஒரு குழந்தையின் கனம். மேலே மடித்த கடிதம்.

அக்கா, நீ தெச்சது இப்போ இறுக்கிப் பிடிக்குது. பக்கத் தையல் விட்டுப்போச்சி. இன்னும் நாலு இஞ்ச் பெருசா வேணும். நீ இப்பல்லாம் டேப்பு வெக்கிறது இல்லயாமே, அவரு சொன்னாரு. அதான் அளவுக்கு இதையே அனுப்பிகிறேன்.

எந்த டெய்லரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். உள்தையலில் எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று பார்க்க இடது கைப்பகுதியை உள்பக்கம் வெளியாகத் திருப்பினாள். சாட்டினுக்கு அடியில், அவள் வைக்காத லைனிங் ஒன்று இருந்தது. வெங்காயத் தோல்போல மெல்லிசாக, வெளுப்பாக, ஈரமாக, தோளிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு சுருக்கமில்லாமல். அதன்மேல், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, நாலணா அளவில், வட்டமாக இரண்டு தழும்புகள்.